நாலு பேர் வீட்டுக்கு ஒரு மாச மளிகை: ஹார்ட்டை மனசுல வச்சு லிஸ்ட் போடுறது எப்படி

வீட்டுல யாருக்காவது கொலஸ்ட்ரால் ஜாஸ்தின்னு ரிப்போர்ட் வந்துட்டா மொத வேலையா ஓட்ஸ் ஒரு பாக்கெட், ஆலிவ் ஆயில் ஒரு பாட்டில், க்ரீன் டீ ஒரு டப்பா வந்து இறங்கிரும். ரெண்டு வாரம் எல்லாம் ஜோரா நடக்கும், அப்புறம் ஓட்ஸ்ல வண்டு விழும், ஆலிவ் ஆயில் ஷெல்ஃப் ஓரத்துல பிசுக்கு புடிச்சு நிக்கும், சாப்பாடு பழையபடியே ஓடும். புதுசா ஒண்ண வாங்கிச் சேர்க்குறதுல பெருசா ஒண்ணும் ஆகாதுங்க. மாசாமாசம் நம்ம வாங்குற எண்ணெய், உப்பு, சர்க்கரை, அரிசி, பருப்பு, இந்த அஞ்சோட அளவு மாறுனாத்தான் தட்டு மாறும். தட்டுல உக்காந்து அளந்து சாப்பிடுறதெல்லாம் நாலு நாளைக்கு மேல யாராலயும் முடியாது, ஆனா கடையிலயே கம்மியா வாங்கிட்டா வீட்டுக்குள்ள தானா கம்மியாகும். அதனால மளிகை லிஸ்ட்டயே புடிப்போம்.

நமக்கு ஏன் இது கொஞ்சம் அவசரம்னா, 2004-ல வந்த இன்டர்ஹார்ட்னு ஒரு பெரிய ஆய்வு, 52 நாட்டுல பண்ணது. அதுல இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, பங்களாதேஷ், நேபாளம் பக்கத்து ஆளுங்களுக்கு மொத ஹார்ட் அட்டாக் வர்ற வயசு நடுவாந்தரமா 53, மத்த நாட்டுக்காரங்களுக்கு கிட்டத்தட்ட 59. தினம் காய், பழம் சாப்பிடுறவங்களுக்கு ஆபத்து கம்மின்னும் அதே ஆய்வுல வந்துச்சு. இன்னொண்ணு, நம்ம ஊர் ரிப்போர்ட்டுல அடிக்கடி பாக்குற டிசைன் என்னன்னா கெட்ட கொலஸ்ட்ரால் எல்டிஎல் ரொம்ப ஏறியிருக்காது, ஆனா ரத்தத்துல ஓடுற இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு ஏறிக் கிடக்கும், நல்ல கொலஸ்ட்ரால் எச்டிஎல் கீழ கிடக்கும். இதுக்குப் பின்னாடி வெள்ளை அரிசிக்கும் சர்க்கரைக்கும் பெரிய பங்கு இருக்கு, ஆனா நம்ம ஆளுங்க முட்டையத்தான் திட்டுவாங்க.

கணக்குக்கு வருவோம். ஹைதராபாத்துல இருக்குற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல ஒரு உணவு வழிகாட்டி போட்டாங்க. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுற ஆளுக்கு தானியம் 250 கிராம், பருப்பு பயறு 85 கிராம், காய் கீரை 400 கிராம், பழம் 100 கிராம், கொட்டை விதை வகை 35 கிராம், எண்ணெய் நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம், பால் இல்ல தயிர் 300 மில்லி. எல்லாம் சமைக்கறதுக்கு முந்தின எடை. இதை நாலு பெரியவங்க, 30 நாள்னு பெருக்கிப் பாத்தா நம்ம லிஸ்ட் எங்க கோணலா இருக்குன்னு பட்டுனு தெரிஞ்சிரும்.

மொதல்ல எண்ணெய். 27 கிராம் நாலு பேருக்கு முப்பது நாள்னா மூணேகால் கிலோ, லிட்டர்ல சொன்னா மூன்றரை. இதுல நெய்யும் அடக்கம். நிறைய வீட்டுல அஞ்சு லிட்டர் கேன் மாசக் கடைசிக்குள்ள காலியாகுது, அது போக ரேஷன் கடை பாமாயில் ஒரு லிட்டர், அது போக நெய், அது போக வெளிய சாப்பிடுறது. அஞ்சு லிட்டர் கேன் வாங்குறத மொதல்ல நிறுத்துங்க. கேன்ல இருந்து நேரா சட்டியில ஊத்துனா அளவே தெரியாது. ஒரு லிட்டர் பாக்கெட்டா வாங்கி சின்ன தூக்குல ஊத்தி உள்ள ஸ்பூன் போட்டு வைங்க, பொரியலுக்கு ரெண்டு டீஸ்பூன் தாராளம். காய அரை வேக்காடு ஆவியில வேகவச்சுட்டு கடைசியில தாளிச்சுக் கொட்டுனா எண்ணெய் பாதியாகும், வாசனை அப்படியே இருக்கும், ஏன்னா தாளிப்பு வாசனை நாக்குக்கு முன்னாடி மூக்குக்குத்தான் போகுது.

எந்த எண்ணெய்ங்கற சண்டை தனி. தேங்காய் எண்ணெய்ல கிட்டத்தட்ட 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, நெய்ல 60-க்கு மேல, பாமாயில்ல பாதிக்குக் கிட்ட, கடலை எண்ணெய்ல 20-க்குள்ள, நல்லெண்ணெய்ல 15 பக்கம், சூரியகாந்தியில அதவிடக் கொஞ்சம் கம்மி. இந்த நிறைவுற்ற கொழுப்புதான் எல்டிஎல்ல ஏத்துறது. ஒரு நாளைக்கு 2000 கலோரிக்கு 22 கிராம் தாண்டக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கு, ஒரு டேபிள்ஸ்பூன் தேங்காய் எண்ணெய்லயே அதுல பாதி போயிரும். நாகர்கோவில் பக்கத்து ஆளுங்க கோச்சுக்காதீங்க, அவியலுக்கு கடைசியில ஒரு ஸ்பூன் ஊத்துறத யாரும் வேண்டாங்கல, தினமும் எல்லாத்துக்கும் அதையே ஊத்தாதீங்கன்னுதான் சொல்றேன். மரச்செக்கு எண்ணெய்னா ஹார்ட்டுக்கு நல்லதுன்னு ஒரு நம்பிக்கை ஓடுது, செக்குல ஆட்டுனா வாசனையும் சில நுண்சத்தும் நிக்கும், அதுக்காக கொழுப்போட விகிதம் மாறாது, கலோரியும் குறையாது. அப்புறம் பாக்கெட்ல கொட்டை எழுத்துல கொலஸ்ட்ரால் இல்லைன்னு போட்டிருப்பான் பாருங்க, செடியில இருந்து வர்ற எந்த எண்ணெய்லயும் கொலஸ்ட்ரால் கெடையாதுங்க, அதுக்கு ஒரு விளம்பரம் வேற. கடலெண்ணெயும் நல்லெண்ணெயும் மாத்தி மாத்தி வாங்குனாலே போதும், ஆலிவ் ஆயில் காச மீனுக்கோ பழத்துக்கோ செலவு பண்ணலாம்.

உப்பு. ஒரு ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, அதாவது ஒரு டீஸ்பூன் கூட முழுசா இல்ல. நாலு பேருக்கு மாசத்துக்கு 600 கிராம், அதுவும் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர், பிஸ்கட், ஹோட்டல் சாம்பார் எல்லாத்துல வர்ற உப்பும் சேர்த்து. அப்படின்னா ஒரு கிலோ பாக்கெட் ரெண்டு மாசம் வரணும். எத்தனை வீட்டுல வருது? அடுத்த பாக்கெட் பிரிக்கும்போது மேலயே பேனாவால தேதி எழுதி வைங்க, எப்ப காலியாகுதுன்னு பாத்தா யாரும் உபதேசம் பண்ண வேண்டியதில்ல. உப்பு ஏறுனா பிபி ஏறும், பிபி ஏறுனா ரத்தக்குழாய் சுவர் அடிவாங்கும், அந்த அடிபட்ட எடத்துலதான் கொழுப்பு சுலபமா ஒட்டும்.

எங்க குறைக்கறதுன்னா, சோறு வடிக்கும்போது உப்பு போடுற பழக்கம் இருந்தா அதை விடுங்க, யாருக்கும் வித்தியாசமே தெரியாது. சப்பாத்தி மாவுக்கும் தேவையில்ல. மோர்ல உப்புக்குப் பதில் இஞ்சி, கறிவேப்பில, பெருங்காயம் தட்டிப் போடுங்க. தயிர் சாதத்துக்கு ஊறுகாய் இல்லாம எறங்காதுங்கறவங்க மாதுளை முத்து இல்ல துருவுன கேரட் போட்டுப் பாருங்க, ஊறுகாய ஞாயித்துக்கிழமைக்கு தள்ளிருங்க. மோர் மிளகாயும் கருவாடும் அதே கேஸ்தான். பொரியல்ல உப்பக் குறைச்சு எறக்கும்போது எலுமிச்சை பிழிஞ்சா, இல்ல மிளகுத்தூள் தூவுனா நாக்கு ஏமாந்துரும். மொத வாரம் எல்லாரும் சப்புனு இருக்குன்னு கத்துவாங்க, ஒரே அடியா குறைக்காம கொஞ்சம் கொஞ்சமா கொண்டு வந்தீங்கன்னா சில வாரத்துல நாக்கு பழகிரும், அதுக்கப்புறம் ஹோட்டல் சட்னிதான் கரிக்கும்.

இந்துப்பு வாங்குனா பிபி வராதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், பத்தாததுக்கு பல பாக்கெட்ல அயோடின் வேற சேர்த்திருக்க மாட்டாங்க. பொட்டாசியம் கலந்த உப்புன்னு ஒண்ணு இருக்கு, அது வேற கதை. சைனாவுல 600 கிராமத்துல சுமார் 21,000 பேர்ல பாதிப் பேருக்கு கால்வாசி பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பக் குடுத்துப் பாத்தாங்க, 2021-ல முடிவு வந்துச்சு, பக்கவாதம் 14 சதவீதம் கம்மி. ஆனா கிட்னி பிரச்சனை இருக்குறவங்க, டெல்மிசார்டன், ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் மாதிரி மாத்திரை போடுறவங்க டாக்டர்கிட்ட கேக்காம இந்த உப்பத் தொடவே கூடாது, ரத்தத்துல பொட்டாசியம் எகிறுனா இதயத்துடிப்பே தடம் மாறும்.

இப்ப பருப்பு. நம்ம லிஸ்ட்ல பெரிய ஓட்டை இங்கதான் இருக்கு. 85 கிராம் நாலு பேருக்கு முப்பது நாள்னா 10 கிலோ! பெரும்பாலான வீட்டுல துவரம்பருப்பு ரெண்டு கிலோ, உளுந்து ஒண்ணு ஒன்றரை கிலோ, பாசிப்பருப்பு அரை, கடலைப்பருப்பு அரை, முடிஞ்சது. சாம்பார்ல பருப்பத் தேட வேண்டியிருக்கும். மீன், முட்டை, கறி சாப்பிடுறவங்க வீட்டுல பருப்பு கொஞ்சம் கம்மியா இருக்கலாம், வழிகாட்டியிலயே அதுக்கு எடம் இருக்கு, இருந்தாலும் ஆறு ஏழு கிலோ வந்தாகணும். எப்படி ஏத்துறதுன்னா சாம்பார்ல மட்டும் ஏத்த முடியாது, சாயங்காலத்த பயறுக்கு எழுதிக் குடுத்துருங்க. கொண்டக்கடலை, தட்டப்பயறு, மொச்சை, பச்சைப்பயறு, ராத்திரி ஊறப்போட்டா மறுநாள் குக்கர்ல கொஞ்ச நேர வேலை, தேங்கா ரெண்டு ஸ்பூன் துருவி, மாங்கா நறுக்கிப் போட்டா சுண்டல் ரெடி. காலையில வாரத்துக்கு ரெண்டு நாள் இட்லிக்குப் பதிலா அடையோ பெசரட்டோ. கொள்ளு ரசம் வைங்க, அடியில நிக்குற கொள்ள வீசாம துவையலா அரைங்க.

பயறுல என்ன விசேஷம்னா கரையுற நார்ச்சத்து. அது குடல்ல வழவழன்னு ஆகி பித்தநீர புடிச்சு வெளிய தள்ளும், கல்லீரலுக்கு மறுபடி பித்தநீர் தயார் பண்ண கொலஸ்ட்ரால் வேணும், அதை ரத்தத்துல இருந்து எடுத்துக்கும், எல்டிஎல் எறங்கும். ஓட்ஸ்ல இருக்குறதும் இதே சமாச்சாரம்தான், ஓட்ஸ் புடிச்சா சாப்பிடுங்க, புடிக்கலன்னா பார்லி கஞ்சி, வெந்தயம், வெண்டைக்கா, கொய்யாப்பழம்னு நம்ம கடையிலயே நிறைய இருக்கு.

பருப்பு ஏறுனா அரிசி எறங்கணும், ரெண்டும் ஏறுனா இடுப்புதான் ஏறும். தானியம் மொத்தம் 30 கிலோ, இதுல சாப்பாட்டு அரிசி, இட்லி அரிசி, கோதுமை மாவு, ரவை, சேமியா எல்லாம் சேர்த்து, அதுலயும் பாதி முழுத்தானியமா இருக்கணுங்கறாங்க. 2025-ல வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலோட ஐசிஎம்ஆர்-இன்டியாப் ஆய்வுல நம்ம நாட்டுக்காரங்களோட மொத்த கலோரியில 62 சதவீதம் மாவுச்சத்துல இருந்து வருதுன்னு வந்துச்சு, நம்ம தெக்குப் பக்கம் அதுல முக்கியமானது பட்டை தீட்டுன வெள்ளை அரிசி. சோத்த நிறுத்தணும்னு சொல்லல, சொன்னாலும் கேக்க மாட்டீங்க. ஒரு வேளை சோறு, ஒரு வேளை கம்பு, ராகி, சோளம், சாமை இப்படி ஏதாவது. அதுக்காக சிறுதானிய பிஸ்கட், சிறுதானிய நூடுல்ஸ்னு வாங்கிடாதீங்க, பாக்கெட்டப் பின்னாடி திருப்பிப் பாத்தா பாதிக்கு மேல மைதாவா இருக்கும் பல நேரம். கம்பங்கூழா இருந்தாலும் ரெண்டு சொம்பு குடிச்சா மாவுச்சத்து மாவுச்சத்துதான். தட்டுல மொதல்ல காயப் போட்டுட்டு, மிச்ச எடத்துல சோறு வைங்க. நம்ம பழக்கம் இதுக்குத் தலைகீழ், சோத்துக் குவியல் நடுவுல, ஓரத்துல பொரியல் தொட்டுக்க.

காய் நாளைக்கு 1.6 கிலோ, நாலு பேருக்கு. உருளைக்கிழங்கு இந்தக் கணக்குல வராது. கேக்க பயமா இருக்கும், ஆனா மதியம் கூட்டு, பொரியல், ராத்திரி சப்பாத்திக்கு தொட்டுக்க, நடுவுல வெள்ளரிக்கா தக்காளின்னு போனா வந்துரும். சீசன் காய் எடுங்க, பூசணி, சுரைக்கா, பீர்க்கங்கா, முருங்கக்கீரை இதெல்லாம் விலையும் கம்மி. பழம்னா ஆப்பிள்னு அர்த்தமில்ல, கொய்யாவும் பப்பாளியும் போதும், ஜூஸா போடாதீங்க, நார வடிகட்டிட்டு சர்க்கரையக் குடிக்கற வேலை அது.

மீன் சாப்பிடுறவங்க குடுத்து வச்சவங்க. வாரத்துக்கு ரெண்டு தடவை மத்தி, சில ஊர்ல சாளைம்பாங்க, இல்ல அயிலை, நெத்திலி. வஞ்சிரத்துக்குக் குடுக்குற காசுல மத்தி ரொம்பவே கெடைக்கும், ஒமேகா-3 கொழுப்புக்குப் பேர் போனதும் மத்திதான். குழம்பா வைங்க, தவாவுல ரெண்டு ஸ்பூன் எண்ணெய்ல வாட்டுங்க, முங்க முங்க பொரிச்சா மீன் சாப்பிட்ட பலன் எண்ணெய்லயே போயிரும். சைவம்னா ஆளி விதைய வறுத்து இட்லிப் பொடியில சேர்த்து அரைங்க. வேர்க்கடலை உப்பு போடாம அவிச்சது தினம் ஒரு கைப்பிடி, பாதாம் வாங்க முடியலையேன்னு யாரும் வருத்தப்பட வேண்டாம். முட்டை தினம் ஒண்ணு பெரும்பாலானவங்களுக்குப் பிரச்சனை இல்ல, சுகரோ ஏற்கனவே ஹார்ட் பிரச்சனையோ இருந்தா மஞ்சக்கரு எத்தனைன்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க. ஆட்டுக்கறி மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை, வெள்ளைக் கொழுப்ப வெட்டிப் போட்டுட்டு. கோழியில தோல் வேண்டாம்.

பால்ல ஒரு சின்ன வேலை, பாக்கெட் கலர மாத்துங்க. ஆவின் ஆரஞ்சுல 6 சதவீதம் கொழுப்பு, நீலத்துல 3. அரை லிட்டருக்கு 15 கிராம் வித்தியாசம், தினமும் ஒரு லிட்டர் வாங்குற வீட்டுக்கு கணக்குப் போட்டுக்கங்க. சர்க்கரை ஒரு ஆளுக்கு 25 கிராமுக்குள்ள இருக்குறது நல்லதுங்கறாங்க. காபி டீ மூணு வேளை, வேளைக்கு ரெண்டு டீஸ்பூன், அதுலயே கோட்டா முடிஞ்சது, அதுக்கு மேல உள்ள போற பிஸ்கட், கேசரி, கூல்ட்ரிங்க்ஸ் எல்லாம் கடன். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் எதுவா இருந்தாலும் கணக்குல சர்க்கரைதான். லிஸ்ட்ல நாலு கிலோ இருந்தா இந்த மாசம் மூணுன்னு எழுதுங்க, அடுத்த மாசம் ரெண்டு.

வெளிய சாப்பிடுறதப் பத்தி. டிரான்ஸ் கொழுப்புங்கறதுதான் எல்லாத்துலயும் மோசம், எல்டிஎல்ல ஏத்தி எச்டிஎல்ல எறக்கும். டால்டா மாதிரி வனஸ்பதியில அதுதான் இருந்துச்சு, 2022 ஜனவரியில இருந்து எண்ணெய் கொழுப்புல 2 சதவீதத்துக்கு மேல இருக்கக்கூடாதுன்னு நம்ம உணவுப் பாதுகாப்பு ஆணையம் சட்டம் போட்டாச்சு. பேக்கரி பப்ஸ், க்ரீம் பன்னெல்லாம் அதுக்காக நல்லதாயிடல, மைதாவும் நிறைவுற்ற கொழுப்பும் அப்படியே இருக்கு. பஜ்ஜிக் கடையில எண்ணெய் கருகருன்னு டீ டிக்காஷன் கலர்ல இருந்தா அந்தப் பக்கம் போகாதீங்க, திரும்பத் திரும்பக் காயுற எண்ணெய் கெட்டுப் போகும், அப்படிக் கெடும்போது உண்டாகுற போலார் சேர்மம் 25 சதவீதத்தத் தாண்டக்கூடாதுன்னு அதுக்கும் ஒரு வரம்பு இருக்கு, ஆனா சந்துக்கடையில யாரு அளக்குறா. பாக்கெட் ஐட்டம் வாங்குனா சோடியத்த மட்டும் பாருங்க, அந்த எண்ண ரெண்டரையால பெருக்குனா உப்பு. 800 மில்லிகிராம்னு போட்டிருந்தா ரெண்டு கிராம் உப்பு, ஒரு நாள் கோட்டாவுல நாப்பது சதவீதம் ஒரே பாக்கெட்ல.

வாட்ஸ்அப்ல இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, ஆப்பிள் சைடர் வினிகர், தேன் காய்ச்சிக் குடிச்சா அடைப்பு கரைஞ்சிரும்னு ஒண்ணு பல வருஷமா சுத்துது. கரையாது. அத நம்பி மாத்திரைய நிறுத்துனா அதுதான் ஆபத்து. அதே மாதிரி ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரினோ அசிட்ரோமோ சாப்பிடுறவங்க திடீர்னு கீரைய அள்ளி சாப்பிடக்கூடாது, திடீர்னு நிறுத்தவும் கூடாது, கீரையில இருக்குற வைட்டமின் கே மருந்தோட மோதும், வாராவாரம் ஒரே அளவா இருக்கணும். கிட்னி நோயாளிகளுக்கு இளநீர், பழம், பயறு எல்லாத்துக்குமே தனிக் கணக்கு, இந்த லிஸ்ட் அவங்களுக்கு இல்ல.

இன்னொரு விஷயம். அப்பாவுக்கு பிபின்னு அவருக்கு மட்டும் உப்பில்லாம தனியா ஒரு கிண்ணம் எடுத்து வைக்கிறது நடக்காத வேலை. பக்கத்துல எல்லாரும் அப்பளம் நொறுக்கிட்டு இருக்கும்போது அவரு மட்டும் எத்தனை நாள் தாங்குவாரு. மொத்த வீட்டுக்கும் ஒரே சமையல், வேணுங்கறவங்க மேல தூவிக்கட்டும். அப்புறம் கடைசியில சாப்பிடுற அம்மாவப் பாருங்க. காய் தீந்திருக்கும், மீன் தீந்திருக்கும், மிச்ச சோத்துல ரசத்த ஊத்தி ஊறுகாயத் தொட்டு முடிச்சுருவாங்க. மெனோபாஸ் தாண்டுன பொம்பளைங்களுக்கு ஹார்ட் ஆபத்து ஏறும், ஆனா டயட் சார்ட் எப்பவும் அப்பா பேர்லதான் ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கும். காயையும் மீனையும் பரிமாறுறதுக்கு முன்னாடியே அவங்க பங்க எடுத்து மூடி வைங்க.

மூணு மாசம் இந்த லிஸ்ட்ட ஓட்டிட்டு அதே லேப்ல மறுபடி லிப்பிட் ப்ரொஃபைல்ங்கற கொலஸ்ட்ரால் டெஸ்ட் எடுங்க, வெறும் வயித்துல, மொத நாள் கல்யாண சாப்பாடு இல்லாம, ஏன்னா ட்ரைகிளிசரைடு அதுலயே எகிறிரும். டோட்டல் கொலஸ்ட்ரால மட்டும் பாத்துட்டு மூடி வைக்காம எல்டிஎல், ட்ரைகிளிசரைடு, எச்டிஎல் மூணையும் பழைய ரிப்போர்ட்டோட பக்கத்துல வச்சுப் பாருங்க. ட்ரைகிளிசரைடு எறங்கலன்னா அரிசியையும் சர்க்கரையையும் இன்னும் குறைக்கணும், எல்டிஎல் எறங்கலன்னா நெய், தேங்காய் எண்ணெய், பேக்கரி பக்கம் தேடுங்க. ரெண்டும் எறங்கலன்னா ரிப்போர்ட்டோட மளிகை லிஸ்ட்டயும் டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போங்க.